சீப்பு எங்க?

நிறுவனத்தின் இணையதளத்தில் அவரைப் பற்றி நான்கு வரிகள் இருக்கின்றன. "முதுநிலை மொழியாக்க ஆலோசகர். இருபத்தாறு ஆண்டு அனுபவம். மூலத்தின் ஒவ்வொரு சொல்லையும் செவிகொடுத்துக் கேட்டு, அதன் உணர்வு குன்றாமல் தமிழுக்குக் கொண்டுவருபவர். சொல்லாமல் விட்டதையும் கேட்கும் காது இவருடையது." பக்கத்திலேயே புகைப்படம். அதில் அவர் ஹெட்ஃபோன் மாட்டியிருக்கிறார். அது ஒலிப்பதிவாளருடையது. படம் எடுத்து முடித்ததும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

வேலை செய்யும்போது அவர் முதலில் செய்கிற காரியம் சத்தத்தை நிறுத்துவது. அவர் டப்பிங் படங்களுக்கு வசனம் எழுதுகிறவர். வெளிநாட்டுப் படத்தில் ஒருவன் வாயசைத்தால், அந்த அசைவுக்குள் அடங்குகிற தமிழ் வேண்டும். ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டியே ஆக வேண்டும். உ, ஓ வந்தால் குவிய வேண்டும். மற்றபடி ஒருவன் சொன்னது 'த'வா, 'ந'வா, 'ச'வா, 'ஜ'வா என்பது அவனுக்கும் அவன் நாக்குக்கும் உள்ள விவகாரம். தியேட்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்குத் தெரியப்போவதில்லை. ஆகவே இவர் காதை மூடிக்கொண்டு கண்ணால் எழுதுவார். ஒருமுறை சாகக்கிடக்கும் ஒரு ராஜாவுக்கு நான்கு இடத்தில் உதடு ஒட்டியது. இவர் "அம்மா... பாவம் அப்பா" என்று எழுதிக் கொடுத்தார். அந்த ராஜாவுக்கு அப்பாவே கிடையாது. படத்தில் அதுதான் பிரச்சினையே. ஆனால் உதடு ஒட்டியது. ஒருவரும் கேட்கவில்லை.

அலுவலகத்தில் அவருக்கு 'உதடு' என்று பெயர். நேரில் 'உதடு சார்'. அவருக்கு அதில் வருத்தம் இல்லை. வருத்தப்பட அவரிடம் வேறு விஷயங்கள் இருந்தன.

அவற்றில் முதலாவது, சூப்பர் ஹீரோக்கள். ஆண்டுக்கு ஆறு படமாவது வந்து சேரும். அவருடைய வீட்டு வாடகையும் மகளின் கல்லூரிப் படிப்பும் அந்த ஆறு படத்தில்தான் ஓடின. ஒரு மனிதன் தனக்குச் சோறு போடுகிறவனை எவ்வளவு வெறுக்கலாம் என்பதற்கு எல்லை உண்டென்றால், உதடு அதைத் தாண்டிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

இதில் இன்னொரு கொடுமை, அந்தப் படங்கள்தான் வேலைக்கு மிக எளிது. நாயகன் முகமூடி போட்டிருப்பான். வாய் தெரியாது. எதை வேண்டுமானாலும் எழுதலாம்.

"சார், இந்த இரும்பு முகமூடி இப்ப என்ன சொல்றான்?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் கேட்பார். நாற்பது வயதுப் பெண். இவருடன் பன்னிரண்டு வருடமாக அந்த அறையில் அடைபட்டுக் கிடக்கிறவர்.

"என்ன வேணும்னாலும் சொல்லட்டும்மா. வாய்தான் இல்லையே."

"கதைக்குத் தகுந்த மாதிரி ஏதாவது சொன்னா நல்லாருக்கும்."

"கதையா? போன படத்துல ஒரு கிரகம் அழிஞ்சுது. இதுல ரெண்டு. அடுத்த படத்துக்குக் கிரகம் தீந்துபோய் வாடகைக்கு எடுப்பானுங்க. 'இது முடிவல்ல'ன்னு போடு."

"அதைத்தான் போன ரீல்ல அந்த நீலக்காரி சொன்னா."

"இவனும் சொல்லட்டும். முடியாம இருக்கறதுதான அவங்களுக்கு வேணும்?"

'இது முடிவல்ல' என்ற வசனத்தை அவர் இதுவரை பத்தொன்பது முறை எழுதியிருக்கிறார். ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை.

தேநீர் இடைவேளையில் அவருடைய பிரசங்கம் நடக்கும். "ஒரு நகரமே இடிஞ்சு விழுது. யாராவது ஒருத்தன் இருமுறானா பாரு. தூசி கண்ணுல விழுந்து கசக்குறானா? கடைசில பேரு போடறான், பதினோரு நிமிஷம். மூவாயிரம் பேரு. அத்தனை பேரும் சேந்து என்ன பண்ணியிருக்காங்க தெரியுமா? திரையில ஒரு மனுஷன்கூடத் தெரியாம பாத்துக்கிட்டிருக்காங்க."

"அந்த மூவாயிரத்துல உங்க பேரு இருக்கா சார்?"

"ஏஜென்சி பேரு இருக்கு."

"அப்போ நீங்களும் தெரியலை."

"நான் எப்பவுமே தெரியலை. டீ ஆறுது, குடி."

இதற்கு மாற்றாக அவர் வைத்திருந்தது குப்பைப் படங்கள். அவரே சூட்டிய பெயர்தான். அட்டையில் செய்த விண்கலம், நூல் தெரியப் பறக்கும் வௌவால், பொம்மை ரயில் கவிழ்ந்து பெட்டிக்குள்ளிருந்து ஒரு நிஜ எறும்பு வெளியே வருகிற விபத்துக் காட்சி. இப்படி இருநூற்றுச் சொச்சம் படங்கள் படுக்கையறை அலமாரியில், துணி வைக்க வேண்டிய இரண்டு தட்டுகளில் இருந்தன. துணி நாற்காலியில் இருந்தது. சுவர் ஆடினால் பின்னால் அதைப் பிடித்திருக்கிறவனின் விரல் தெரிகிறதே, அந்த விரல்தான் சினிமா என்பார். "குப்பைப் படத்துலதான் மனுஷன் தெரிவான்" என்பது அவருடைய கொள்கை வாசகம். அவரைப் போன்ற இருநூற்றெழுபது பேர் சேர்ந்து ஒரு ரசிகர் வட்டம் நடத்தினார்கள். அதன் செயலாளர் ஒரு பல் டாக்டர். வட்டத்தின் கைபேசிக் குழுவுக்கு அவர் வைத்த படத்தின் கீழ் இந்த வாசகம் இருந்தது.

வட்டத்தின் குலதெய்வம் ஒரு படம். முப்பத்தோரு வருடத்துக்கு முன் வந்தது. முழுப் பெயர் ஒரு மூச்சில் சொல்ல முடியாத நீளம் என்பதால் எல்லோருக்கும் அது 'பல்லி'. ரசாயனம் குடித்த ஒரு பல்லி பெரிதாகி ஊரை மிதிக்கிறது. பல்லி என்பது ரப்பர் உடுப்புக்குள் ஒரு ஆள். உதடு இருபத்தொரு வயதில் இதைத் தியேட்டரில் ஒன்பது முறை பார்த்தார். முதல் முறை பயந்தார் என்பதை இப்போது ஒப்புக்கொள்ள மாட்டார்.

நாற்பத்தோராவது நிமிடத்தில் அந்தக் காட்சி. தண்ணீர்த் தொட்டியை உடைக்க வந்த பல்லி, உடைக்காமல் நின்றுவிடுகிறது. மூன்று விரல் கையைத் தூக்கிப் பிடரியைத் தடவுகிறது. தாடை திறக்கிறது. ரப்பர் பற்களுக்கு நடுவே, உள்ளே இருக்கும் ஆளின் நிஜ உதடு தெரிகிறது. அது எதையோ சொல்கிறது. ஒலிப்பட்டையில் வெறும் உறுமல்தான்.

மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். இவர் தொழில்காரர். ஒரு விடுமுறை நாள் முழுக்க அந்த எட்டு விநாடியை முன்னும் பின்னும் ஓட்டினார். உதடு விரிகிறது, ஒட்டுகிறது, குவிகிறது. மறுபடி விரிகிறது, ஒட்டுகிறது, குவிகிறது. பிறகு ஒட்டாமல் ஒரு சின்னச் சொல். கை பிடரியில். மண்டையில் ஒரு முடிகூட இல்லாத பிராணி. எழுதினார்:

"சீப்பு! சீப்பு எங்க?"

அப்படியே உட்கார்ந்தது. அடுத்த சந்திப்பில் அந்த இடம் வந்தபோது இவர் எழுந்து நின்று கத்தினார். டாக்டர் நாற்காலியிலிருந்து வழுக்கி விழுந்து சிரித்தார். அதற்கடுத்த சந்திப்பில் எல்லோரும் கத்தினார்கள். பிறகு சீப்பு கொண்டுவர ஆரம்பித்தார்கள். இருநூற்றெழுபது பேர் இருட்டில் சீப்பை உயர்த்திக் காட்டிக் கத்துவதைப் படம்பிடித்து யாரோ இணையத்தில் போட, முன்பின் தெரியாத ஊர்களில் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகள் சீப்போடு அலைந்தார்கள். இருபத்தாறு வருடம் வசனம் எழுதியவருக்கு, ஜனங்கள் திருப்பிச் சொன்ன ஒரே வசனம் அது. பேருந்தில் ஒருத்தி தன் தோழியிடம் அதைச் சொல்லிச் சிரித்ததைக் கேட்டு, இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டி நான்கு நிறுத்தம் போய்விட்டு நடந்து வந்தார்.

"அந்தப் பல்லியை இன்னும் எத்தனை தடவைதான் பாப்பீங்க? அது என்ன உங்க சொந்தக்காரனா?" என்று மனைவி கேட்பார்.

சொந்தக்காரன்தான் என்பது இந்த வருடம் தெரிந்தது. வட்டம் ஒரு நிஜத் தியேட்டரை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பகல் காட்சிக்கு எடுத்திருந்தது. பல்லிக்குள் இருந்த ஆளைக் கண்டுபிடித்து மேடையேற்ற வேண்டும் என்று பல் டாக்டர் மூன்று மாதம் அலைந்தார். படத்தின் பழைய தயாரிப்பு மேலாளர் ஒருவரைப் பிடித்து, அவரிடமிருந்து ஒரு முகவரி வாங்கி, போய்க் கதவைத் தட்டினார். திறந்தவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற அறுபத்தாறு வயது மனிதர். "எங்க தங்கச்சி வீட்டுக்காரர்கூட சினிமா லைன்தான்" என்றாராம். யார் என்று கேட்டால், சொன்னது உதட்டின் பெயர்.

"உதடு சார், உக்காந்திருக்கீங்களா?" டாக்டர் தொலைபேசியில் கூவினார். "பல்லி உங்க மச்சான் சார்!"

மனைவியின் அண்ணன் ஒரு காலத்தில் சினிமாவில் அடிதடிக் காட்சிகளில் இருந்தார் என்பது உதட்டுக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் "எந்தப் படம் மச்சான்?" என்று கேட்டதற்கு, "மூஞ்சி வர்ற படம் எதுவும் இல்ல மாப்ள" என்றார். மூஞ்சி வராவிட்டால் என்ன படம் என்று இவர் மேலே கேட்கவில்லை. இருபத்துநான்கு வருடம் கேட்கவில்லை. குப்பைப் படத்தில் மனிதனைத் தேடியவருக்கு, வீட்டுக்கு வந்து போகிற மனிதனிடம் இரண்டாவது கேள்வி கேட்க நேரம் வாய்க்கவில்லை.

மச்சான் புதன்கிழமை பகலில் வந்தார். நான்கு மாடியும் படியேறித்தான் வருவார். சட்டையில் மேல் இரண்டு பொத்தான் எப்போதும் திறந்திருக்கும். மழையிலும் வேன் ஜன்னலை ஏற்ற மாட்டார் என்று பிள்ளைகளின் பெற்றோர் புகார் சொல்வதுண்டு.

"லிஃப்ட் இருக்கேண்ணா, மூட்டு வலிய வச்சுக்கிட்டு ஏன் ஏறுறே?"

"அது பெட்டிம்மா. எனக்குப் பெட்டி ஒத்துக்காது. ஒரேடியா ஒருநாள் படுக்கப் போறேன்ல, அன்னைக்கு அதுல எறக்குங்க."

"வாயைக் கழுவு. நல்ல விஷயமா வந்திருக்கே."

நல்ல விஷயம் இதுதான்: மச்சானுக்குப் புதுச் சட்டை தைக்கக் கொடுத்தாகிவிட்டது. வேன் பிள்ளைகளிடம் சொல்லியாகிவிட்டது. மேடையில் என்ன பேசுவது என்பதுதான் பாக்கி. அதைத்தான் மாப்பிள்ளையிடம் ஒத்திகை பார்க்க வந்திருந்தார்.

"நீ எழுதுறவன். கேட்டுட்டு சரியா இருக்கான்னு சொல்லு. அந்தத் தண்ணித்தொட்டி சீன் இருக்குல்ல மாப்ள..."

"இருக்கு."

"அந்த உடுப்புக்கு ஜிப்பு முதுகுல. மேல பிடரில ஆரம்பிச்சு கீழ வரைக்கும். உள்ளேருந்து தொறக்க முடியாது. கை வேற மூணு விரலு, தடி ரப்பரு, ஒண்ணும் தட்டுப்படாது. ஒவ்வொரு ஷாட் முடிஞ்சதும் உடுப்புக்காரன் ஓடி வந்து இழுத்து விடுவான். அன்னைக்கு அவன் சாப்பிடப் போயிட்டான். மூக்குக்கிட்ட ஒரு ஓட்டை உண்டு, அது ஒட்டிக்கிச்சு. காத்து வரலை. கண்ணு இருட்டுது. நான் கையைத் தூக்கி..."

மச்சான் நாற்காலியிலிருந்து எழுந்தார். கை பிடரிக்குப் போனது. விரல்களை ஒட்டவைத்து, மரத்துப்போனவை போலத் தடவினார். வாய் திறந்தது. பழக்கதோஷம், உதடு காதைக் கொடுக்கவில்லை, அவருடைய வாயைத்தான் பார்த்தார். விரிந்தது, ஒட்டியது, குவிந்தது. மறுபடி விரிந்தது, ஒட்டியது, குவிந்தது. முப்பத்தோரு வருடமாகப் பார்த்த வாய். இப்போது மீசை நரைத்து, சத்தத்தோடு, கை எட்டும் தூரத்தில்.

"ஜிப்பு! ஜிப்பு எங்க? இப்படிக் கத்துறேன் மாப்ள. உறுமலைப் பின்னால சேத்துக்கலாம்னு சவுண்டு எடுக்கலை. ஒருத்தனுக்கும் கேக்கலை. டைரக்டர் 'பிரமாதம், அப்படியே நில்லு'ங்கறாரு. செத்துட்டேன்னே நெனச்சேன். அப்பவும் பாரு, பின்னால சாயலை. சாஞ்சா தொட்டி செட்டு போயிடும். ஒரே செட்டு. நாலு பேரு பத்து நாளா ஒட்டுனது. சாயாம நின்னேன்." மச்சான் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். "இதைச் சொல்லலாம்ல? ரொம்ப நீளமா?"

"நீளம் இல்ல."

"அந்த எடம் வரும்போது ஜனங்க என்ன பண்ணுவாங்க மாப்ள? நான் தியேட்டர்ல பாத்ததே இல்ல. மறுபடி பாக்க மனசு வரலை. இப்ப உங்ககூட உக்காந்தா பாத்துடலாம்னு தோணுது. அமைதியா பாப்பாங்களா?"

"ம்" என்றார் உதடு.

அன்று மாலையே அவர் டாக்டரை அழைத்து விஷயத்தைச் சொன்னார். இதுவரைக்கும் அவர் மேல் குறை சொல்ல ஒன்றும் இல்லை. டாக்டர் கிளினிக்கில் இருந்தார். பின்னால் துளைக்கும் மிஷின் சத்தம் மட்டும் கேட்டது.

"அடப்பாவமே. சீப்பா, ஜிப்பா... ஒரு எழுத்து."

"உதட்டுல ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர். தெரியாது."

"சரி, விடுங்க. சீப்ப நிறுத்திடலாம். கத்துறதும் வேணாம். அவரு சொல்லட்டும், நாம கேப்போம். குழுவுல இப்பவே போடறேன்."

"போட்டா?"

"போட்டா அவ்வளவுதான். இதைக் கேட்டதுக்கப்புறம் எவன் சார் கத்துவான்? இனிமே எப்பவும் கத்த முடியாது. நோட்டீஸ்ல மட்டும் 'சீப்பு புகழ் வசனகர்த்தா'ன்னு உங்களைப் போட்டிருக்கோம், அதை எடுத்துடுவோம். இன்னும் அச்சுக்குப் போகலை."

உதடு நோட்டீஸைப் பார்த்திருந்தார். கைபேசியில் அனுப்பியிருந்தார்கள். அவருடைய முழுப் பெயர், அதற்கு முன்னால் வசனகர்த்தா என்ற சொல். இருபத்தாறு வருடத்தில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்தது அதுவே முதல்முறை.

"இப்பப் போடாதீங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றார்.

"இதுல யோசிக்க என்ன சார் இருக்கு?"

"மச்சான்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறேன்."

மச்சானிடம் அவர் கேட்கவில்லை. வியாழனும் வெள்ளியும் ஒலிப்பதிவு அறையில் இருபதாவது முறையாக 'இது முடிவல்ல' எழுதினார். அவருக்குள் நடந்த விவாதம் கெட்டிக்காரத்தனமானது. அதில் பல நல்ல வாதங்கள் இருந்தன. சினிமா எடுத்தவனுக்குச் சொந்தமில்லை, பார்த்தவனுக்குத்தான் சொந்தம் என்றது ஒன்று. சிரிக்கிறவர்கள் யாரையும் புண்படுத்தவில்லை, அன்பினால்தான் சிரிக்கிறார்கள் என்றது இன்னொன்று. மச்சான் தெரிந்துகொள்ளாதவரை மச்சானுக்கு ஒரு நஷ்டமும் இல்லை என்றது மூன்றாவது. அதைத்தான் அவர் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்த்தார். திரையில் கடைசியாக ஒரு மனிதன் தெரிந்தேவிட்டான் என்ற வாதம் ஏனோ எழவில்லை.

"சார், இன்னைக்கு என்ன, திட்டவே இல்ல?" ஒலிப்பதிவாளர் கேட்டார். "மூணு கிரகம் போச்சு."

"போகட்டும்."

சனிக்கிழமை டாக்டர் அழைத்தார். "மச்சான் என்ன சொன்னாரு சார்?"

"அவரு ரொம்ப ஜாலியான ஆளு டாக்டர். சீப்பு இருக்கட்டும்னுட்டாரு. தானும் ஒண்ணு கொண்டு வரேங்கறாரு."

"நெசமாவா? பெரிய மனசு சார்! அப்ப நோட்டீஸ் அப்படியே அடிச்சுடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு உதடு மச்சானை அழைத்தார். தியேட்டரில் புரொஜெக்டர் கெட்டுவிட்டது, காட்சி இல்லை, வேறு தேதி சொல்வார்கள் என்றார்.

"அய்யய்யோ." என்றார் மச்சான். "பரவால்ல மாப்ள. மிஷின்தான. வேன்ல நாலு புள்ளைங்க வரேன்னாங்க, சொல்லிடறேன். சட்டை எங்க போவுது, அப்படியே இருக்கட்டும். நீ மனசு கஷ்டப்படாதே, என்ன?"

மனைவி சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "நேத்து ராத்திரிகூட டாக்டர் போன் பண்ணி முன் வரிசைல எத்தனை சீட்டுன்னு கேட்டாரே?"

"அதுக்கப்புறம்தான் கெட்டுது."

"அப்ப நீங்க எங்க கெளம்புறீங்க?"

"மிஷினைப் பாக்க."

"நீங்க எப்பலேருந்து மிஷின் பாக்குறீங்க?"

அவர் செருப்பை மாட்டினார். மனைவி அண்ணனைத் திரும்ப அழைத்துத் தன் சந்தேகத்தைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அது மனைவியின் கதை. தனியாக எழுத வேண்டியது.

தியேட்டர் நிரம்பியிருந்தது. வாசலில் நோட்டீஸ் கொடுத்தார்கள். மச்சான் எங்கே என்று கேட்ட டாக்டரிடம், இவர் அவருக்குத் திடீர்க் காய்ச்சல் என்றார். மேடையில் வசனகர்த்தா என்று அழைத்து மாலை போட்டார்கள். விளக்கு அணைந்தது. நாற்பத்தோராவது நிமிடத்தில் அவர் எழுந்து, சீப்பை உயர்த்தி, எல்லோருக்கும் அரை விநாடி முன்னால் கத்தினார்.